அபி வீதியில் ஓர் இசைக்கூடம்

இலண்டன் மாநகரைக் காணச் செல்வோர் முதலில் நாடுவன தேம்ஸ் நதிக்கரையும், வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயமும், பிரித்தானிய நூதனசாலையுமே. இவற்றையெல்லாம் கண்டு முடித்தபின், சங்கீதத்திலே நாட்டமுடையோர் மேலும் ஓரிடத்தைத் தேடிச் செல்வதுண்டு. அங்கே கோபுரமில்லை, கொத்தளமில்லை. மரங்கள் நிழல் செய்யும் ஒரு வீதியும், வெண்ணிற முகப்புடைய ஒரு பழைய வீடும், அதற்கு அண்மையில் கறுப்பும் வெள்ளையுமாய்க் கோடிட்ட ஒரு பாதசாரிக் கடவையுமே உள்ளன. ஆயினும் உலகின் நானா திசைகளிலிருந்தும் மக்கள் வந்து அக்கடவையைக் கடந்து, படம் பிடித்து, மனநிறைவுடன் திரும்புகின்றனர். அதுவே அபி வீதி.

மாநகரின் வடமேற்கே, சென் ஜோன்ஸ் வூட் என்னும் பகுதியில் இவ்வீதி அமைந்துள்ளது. நிலக்கீழ்ப் புகையிரதத்தில் ஜூபிலி பாதை வழியே சென்று, அப்பகுதியின் பெயரையே கொண்ட நிலையத்தில் இறங்கினால், சில நிமிட நடையில் இதனை அடையலாம். கிரிக்கெட் அபிமானிகள் நன்கறிந்த லோட்ஸ் மைதானமும் இதே பகுதியிலேயே இருக்கின்றது. புதியவர்க்கு ஓர் எச்சரிக்கையும் கூறுதல் வேண்டும். 2011 ஆம் ஆண்டில் கிழக்கு இலண்டனில் ‘அபி றோட்’ என்னும் பெயரில் வேறொரு நிலையம் திறக்கப்பட்டது. பெயரை மாத்திரம் நம்பி அங்கே சென்றிறங்கி, பாதசாரிக் கடவையைத் தேடி அலைந்தோர் பலர்.

வீட்டின் வரலாறு

மூன்றாம் இலக்கமுடைய அவ்வீடு 1831 ஆம் ஆண்டிற் கட்டப்பட்டது. செல்வர் ஒருவரின் வாசத்திற்கென எழுந்த அதனை, 1929 இல் கிராமபோன் கொம்பனியார் விலைக்கு வாங்கினர். வீட்டின் பின்னே பரந்து கிடந்த தோட்ட நிலத்தில் இசை பதிவதற்கெனவே பெருங்கூடங்களை எழுப்பினர். 1931 நொவெம்பர் 12 ஆம் திகதி திறப்புவிழா நடைபெற்றபோது, இங்கிலாந்தின் தலைசிறந்த இசையமைப்பாளராகிய சேர் எட்வேட் எல்கார், இலண்டன் சிம்பனி வாத்தியக் குழுவினரை வழிநடத்தினார். அடுத்த ஆண்டிலே யெஹூடி மெனுஹின் என்னும் பதினாறு வயதுச் சிறுவன் இங்கு வந்து, எல்காரின் வயலின் இசைக்கோவையை அவர் முன்னிலையிலேயே வாசித்துப் பதிவு செய்தான். அச்சிறுவனின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று. பின்னர் ஓரிடத்தில் அது மீண்டும் வரும்.

வீதியில் நின்று பார்ப்போர்க்கு இஃது ஒரு வீடாகவே தோன்றும். உள்ளே மூன்று முதன்மைக் கூடங்கள் உள. முதலாவது, நூறு பேருக்கு மேற்பட்ட வாத்தியக் குழுவையும் கொள்ளத்தக்க பெருமண்டபம். மூன்றாவது மிகச் சிறியது. இடைப்பட்ட இரண்டாவது கூடத்தின் ஓர் ஓரத்திலே மரப்படிகள் மேலே ஏறிச் செல்கின்றன. படிகளின் உச்சியில், கண்ணாடிச் சாளரமிட்ட அறையில் பதிவாளர் அமர்ந்து கீழே வாசிப்போரைக் கவனிப்பர். லிவர்பூல் நகரத்து இளைஞர் நால்வர் பல்லாண்டு காலம் ஏறியிறங்கிய படிகள் இவையே.

மேடையைத் துறந்த நால்வர்

ஜோன் லெனன், போல் மக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், றிங்கோ ஸ்டார் என்னும் இந்நால்வரும் ‘பீற்றில்ஸ்’ என்னும் பெயருடன் 1962 செப்டெம்பர் 4 ஆம் திகதி இவ்வீட்டினுள் முதன்முதலாக ஒருங்கே நுழைந்தனர். அவர்களைப் பொறுப்பேற்ற ஜோர்ஜ் மார்ட்டின் கில்ட்ஹோல் இசைக் கல்லூரியிற் பயின்றவர். ஓபோ என்னும் துளைக்கருவி வாசித்தவர். 1963 பெப்ரவரி 11 ஆம் திகதி, ஒரே நாளில் பத்துப் பாடல்களை அவர்கள் பதிவு செய்து முடித்தனர். மேடையிற் பாடுவதை அப்படியே நாடாவில் ஏற்றுவதே அக்காலத்து வழக்கம். பாடகர் எதைப் பாடினரோ அதைப் பிழையின்றிப் பிடித்து வைக்கும் பெட்டி என்பதற்கு மேலாக ஒலிப்பதிவுக் கூடத்தை ஒருவரும் கருதவில்லை.

அவர்தம் புகழ் காட்டுத்தீப்போற் பரவிற்று. 1965 ஓகஸ்ட் மாதத்தில் நியூயோர்க் நகரின் ஷே மைதானத்தில் அவர்கள் பாடியபோது, திரண்டோர் தொகை 55,000 இற்கு மேற்பட்டது. எனினும் ஆங்கெழுந்த கூக்குரலிலே பாட்டு மூழ்கிப் போயிற்று. இரசிகர்க்குப் பாடல் கேட்கவில்லை என்பதோடு, பாடுவோர்க்கே தம் குரல் கேட்கவில்லை. கேளாத பாட்டைப் பாடிப் பாடி அவர்கள் சலிப்புற்றனர். 1966 ஓகஸ்ட் 29 ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் நிகழ்ந்த கச்சேரியுடன் உலகப் பயணங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தனர்.

அக்காலத்தில் இஃது எத்துணைத் துணிகரமான செயல் என்பதை இன்று உணர்தல் அரிது. பாடகர் ஒருவர் மக்கள் முன் தோன்றாது விட்டால், மக்கள் அவரை மறந்து வேறொருவரை நாடுவர் என்பதே தொழிலறிந்தோர் கருத்து. மாதங்கள் கழிந்தும் புதிய இசைத்தட்டு வராமை கண்டு, பீற்றில்ஸ் குழுவினரின் காலம் முடிந்துவிட்டதோ எனப் பத்திரிகைகள் வினவின. நால்வரில் எவரும் முப்பது வயதை எட்டவில்லை. தம் புகழனைத்தையும் ஓர் அறையினுள்ளே பணயம் வைத்தே 1966 நொவெம்பர் 24 ஆம் திகதி மாலை அவர்கள் இரண்டாம் கூடத்தினுட் புகுந்தனர்.

நான்கு தடங்களும் சமையலறையும்

இன்றைய மாணவர் கைத்தொலைபேசியிலேயே எண்ணற்ற ஒலித்தடங்களைத் தனித்தனியே பதிந்து ஒன்றுசேர்க்க வல்லவர். அன்று அபி வீதியில் இருந்த இயந்திரத்தில் நான்கு தடங்களே இருந்தன. ஓர் அங்குல அகலமுடைய நாடாவில் நான்கு ஒலிகளைத் தனித்தனியே பதியலாம், ஐந்தாவதற்கு இடமில்லை.

நான்கு பாத்திரங்கள் மாத்திரமே உள்ள சமையலறையைக் கற்பனை செய்து பாருங்கள். பத்துக் கறி சமைக்க விரும்பும் இல்லாள் என் செய்வாள்? வெந்த மூன்றையும் ஒரே பாத்திரத்திற் கொட்டிக் கலந்து, எஞ்சியவற்றைக் கழுவி மறுபடி அடுப்பேற்றுவாள். ஒலிப்பதிவாளரும் அவ்வாறே செய்தனர். நான்கு தடங்களும் நிரம்பியதும், அவற்றைக் கலந்து மற்றோர் இயந்திரத்தின் ஓரிரு தடங்களில் ஏற்றினர். மிகுந்த தடங்களிற் புதிய ஒலிகளைச் சேர்த்தனர். இதில் இரண்டு தொல்லைகள் இருந்தன. கலக்குந்தோறும் நாடாவின் இரைச்சல் வளர்ந்தது. அன்றியும், கலந்ததைப் பின்னர் பிரித்தெடுக்க இயலாது. ஆகவே பறையோசை எவ்வளவு, குரலோசை எவ்வளவு என்பதனை அவ்வப்போதே செவியால் நிறுத்துத் தீர்மானித்தல் அவசியமாயிற்று.

அவ்வீட்டின் ஒழுங்குமுறைகளும் கடுமையானவை. தொழில்நுட்பவியலாளர் வைத்தியர்களைப் போல வெள்ளை மேலங்கி அணிந்திருந்தனர். முரசுக்கு எவ்வளவு தூரத்தில் ஒலிவாங்கியை நிறுத்தவேண்டும் என்பதற்கும் விதியிருந்தது. இருபது வயதே நிரம்பிய ஜெப் எமெரிக் என்னும் பதிவாளர் அவ்விதியைத் தளர்த்தி, ஒலிவாங்கியை முரசின் அருகே கொண்டு சென்றார். கென் டவுன்சென்ட் என்னும் பொறியியலாளர், ஒரு முறை பாடிய குரலை இரு முறை பாடியதுபோல் ஒலிக்கச் செய்யும் உபாயத்தை 1966 இலேயே கண்டறிந்திருந்தார். பிறர் உறங்கும் வேளையிலே இவர்கள் பணி தொடங்கும். பல நாட்களில் விடியற்காலையிலேயே முடியும்.

முதலில் எடுத்துக்கொண்ட பாடல் ‘ஸ்ட்ரோபெரி பீல்ட்ஸ் பொரெவர்’. லிவர்பூலில் லெனனின் வீட்டிற்கு அண்மையிலிருந்த ஒரு சிறுவர் இல்லத்தின் பெயரால் அமைந்தது அது. இரு வேறு முறைகளில் அதனைப் பதிவு செய்தபின், ஒன்றின் முற்பகுதியும் மற்றதன் பிற்பகுதியும் வேண்டுமென லெனன் கேட்டார். இரண்டும் வெவ்வேறு சுருதியில், வெவ்வேறு வேகத்தில் அமைந்தவை. மார்ட்டினும் எமெரிக்கும் நாடா ஓடும் வேகத்தை மாற்றிப் பார்த்தபோது, சுருதியும் வேகமும் ஒருங்கே இசைந்து வந்தன. பாடல் தொடங்கி ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் அந்த ஒட்டு நிகழ்கின்றது. அறிந்து கேட்போர்க்கன்றி ஏனையோர்க்கு அது புலப்படுவதில்லை.

புனைபெயரிற் பிறந்த இசைத்தட்டு

அவ்வாண்டு கெனியாவிலிருந்து விமானத்திற் திரும்பும் வழியில், மக்கார்ட்னிக்கு ஒரு யோசனை உதித்தது. பீற்றில்ஸ் என்னும் பெயரின் சுமையை இறக்கி வைத்துவிட்டு, கற்பனையான வேறொரு வாத்தியக் குழுவின் வேடத்திற் பாடினால் என்ன என்பதே அது. அவ்வாறு உருவானதே ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹாட்ஸ் கிளப் பாண்ட்’ என்னும் நெடும்பெயர் கொண்ட இசைத்தட்டு. வேடம் பூண்டவனுக்கு எவ்வகை ஆட்டமும் ஆட உரிமையுண்டன்றோ? கிற்றாரும் முரசும் மாத்திரமே றொக் இசைக்குரியன என்னும் எல்லையை அவர்கள் தாண்டினர்.

1843 ஆம் ஆண்டுச் சர்க்கஸ் விளம்பரத்தாள் ஒன்றை லெனன் பழம்பொருட்கடையில் வாங்கினார். அதிலிருந்து ஒரு பாடல் பிறந்தது. சர்க்கஸ் கூடாரத்தின் ஆரவாரத்தைக் காட்ட, நீராவி ஓகன் இசை பதிந்த நாடாக்களைத் துண்டு துண்டாக வெட்டி, மேலே எறிந்து, விழுந்தவாறே பொறுக்கி ஒட்டினர். வீட்டை விட்டுச் செல்லும் மகளையும் மனமுடையும் பெற்றோரையும் பற்றிய பாடலுக்கு நால்வரில் ஒருவரும் வாத்தியம் தொடவில்லை. யாழையும் வயலின்களையும் வேறு கலைஞர் இசைத்தனர். யாழ் மீட்டிய ஷீலா புரோம்பேர்க், பீற்றில்ஸ் இசைத்தட்டொன்றில் வாசித்த முதற் பெண்மணியாவார்.

1967 பெப்ரவரி 10 ஆம் திகதி இரவு பெருமண்டபமாகிய முதலாம் கூடத்தில் நாற்பது வாத்தியக்காரர் கூடினர். இறுதிப் பாடலின் நடுவே இருபத்துநான்கு தாளக்கட்டுகள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. அவரவர் தத்தம் கருவியின் மிகத் தாழ்ந்த ஒலியிற் தொடங்கி, அவ்விடைவெளி முடியுமுன் மிக உயர்ந்த ஒலியை அடைதல் வேண்டும். அருகிலிருப்பவரைக் கேட்டு அவருடன் ஒத்துச் செல்லலாகாது என்பதே மார்ட்டின் இட்ட கட்டளை. ஒத்திசைப்பதையே வாழ்நாட் பயிற்சியாகக் கொண்டோர்க்கு இது விந்தையாகத் தோன்றியது. விருந்துடையுடன் வந்த அப்பெரியோர்களின் முகத்திற் கோமாளி மூக்குகளும் தலையிற் கடதாசித் தொப்பிகளும் அணிவித்து அவர்களின் கூச்சத்தைப் போக்கினர் என்பது சுவையான செய்தி. நாற்பதின்மர் வாசித்ததை நான்கு முறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர். நூற்றறுபது கருவிகளின் பேரோசை அங்ஙனம் கிடைத்தது. அதற்கு நான்கு தடங்கள் போதாமையால், இரண்டு இயந்திரங்களை ஒன்றாக ஓடச்செய்யும் வழியை டவுன்சென்ட் அமைத்துக் கொடுத்தார்.

கீழைத்தேயத்துத் தம்புரா

தமிழ் வாசகர்கள் சிறப்பாகச் செவிமடுக்கவேண்டிய பாடல் ஒன்று இத்தட்டில் உண்டு. ‘விதின் யூ விதவுட் யூ’ என்னும் அதனை இயற்றியவர் ஜோர்ஜ் ஹரிசன். 1966 இல் இந்தியா சென்று பண்டிதர் ரவிசங்கரிடம் சிதார் பயின்றவர் அவர். 1967 மார்ச் 15 ஆம் திகதி இரண்டாம் கூடத்தில் விரிப்பின்மீது இந்திய இசைஞர் அமர்ந்து தில்ருபா, தபேலா, தம்புரா முதலியவற்றை வாசித்தனர். ஹரிசனைத் தவிர்ந்த ஏனைய மூவரும் இப்பாடலிற் பங்குபற்றவில்லை.

அவ்விசைஞர் இலண்டன் ஆசிய இசை வட்டத்தைச் சேர்ந்தோர். கர்நாடக தேசத்தவராகிய அயன அங்காடி என்பவரும் அவருடைய ஆங்கில மனைவியாரும் 1946 இல் நிறுவிய அமைப்பு அது. அதன் தலைவராய் விளங்கியவர் யெஹூடி மெனுஹின். 1932 இல் எல்காரின் முன் இவ்வீட்டில் வயலின் வாசித்த சிறுவன் அவரே! மேற்றிசைச் சங்கீதத்திற் தேர்ந்த அவர் கீழ்த்திசை இசைக்கும் இலண்டனில் ஓர் இடம் தேடியவர்களுள் ஒருவரானார்.

அப்பாடலின் சுரங்கள் வட இந்தியர் கமாஜ் என வழங்கும் தாட்டினைத் தழுவியவை. அது நமது ஹரிகாம்போதி மேளத்திற்கு நிகரானது. இடையில் வரும் வாத்தியப் பகுதி ஐந்தெண்ணிக்கையில் நடக்கின்றது. பின்னர் எட்டு வயலின்களும் மூன்று செல்லோக்களும் சேர்க்கப்பட்டபோது மார்ட்டினுக்குப் பெருஞ் சோதனை நேர்ந்தது. தில்ருபாவின் சுரங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்வன. நாம் கமகம் என்று போற்றும் அவ்வழகை, ஒவ்வொரு சுரத்தையும் தெளிவாக நிறுத்தி வாசிக்கப் பழகிய இலண்டன் கலைஞர்க்கு எழுத்தில் உணர்த்துதல் எளிதன்று. ஆயினும் அவர்கள் முயன்று வாசித்தனர். இரு மரபுகளும் அங்கே ஒன்றையொன்று உற்றுக் கேட்டதை இன்றும் அத்தட்டில் அறியலாம்.

ஒரு குறையையும் கூறாமல் விடலாகாது. வாசித்த அவ்விந்தியக் கலைஞரின் பெயர்கள் 1967 இல் வெளிவந்த தட்டின் உறையிற் காணப்படவில்லை. ஆங்கிலேய வாத்தியக்காரரின் பெயர்களும் அவ்வாறே விடப்பட்டன. அவ்வுறையிலே உலகப் பிரசித்தர் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோரின் உருவங்கள் நெருங்கி நிற்கின்றன. பரமஹம்ச யோகானந்தர் முதலிய இந்திய யோகியர் நால்வரும் அவர்களுள் அடங்குவர். காந்தியடிகளின் உருவமும் முதலில் இடம்பெற்றிருந்தது. இந்திய மக்கள் மனம் புண்படுவர் என அஞ்சிய கொம்பனித் தலைவரின் வேண்டுகோளால் அது நீக்கப்பட்டது. புகழ்பெற்றோரின் முகங்களுக்குத் தாராளமாக இடமளித்த அட்டையில், இசைத்த கைகளின் பெயர்களுக்கு இடமில்லாது போயிற்று.

உலகின் தீர்ப்பு

ஏறத்தாழ ஐந்து மாத உழைப்பின்பின், 1967 மே மாத இறுதியில் இத்தட்டு பிரித்தானியக் கடைகளுக்கு வந்தது. அவர்கள் காலம் முடிந்துவிட்டதோ என்ற வினாவுக்கு விடை உடனே கிடைத்தது. அக்காலத்தில் பிரித்தானியாவில் 27 வாரங்களும் ஐக்கிய அமெரிக்காவில் 15 வாரங்களும் அது விற்பனையில் முதலிடம் வகித்தது. யூன் 4 ஆம் திகதி, தட்டு வெளியாகிப் பத்து நாட்களேனும் கழியாமுன், கிற்றார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதன் முதற்பாடலை இலண்டன் மேடையில் வாசித்தார். கேட்டிருந்தோருள் மக்கார்ட்னியும் ஹரிசனும் இருந்தனர். 1968 இல் அது கிராமி பரிசினைப் பெற்றது. ஆண்டின் சிறந்த இசைத்தட்டு என்னும் அவ்விருது றொக் இசைக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. இறுதிப் பாடல் போதைப்பொருளைச் சுட்டுவதாகக் கருதிய பி.பி.சி. நிறுவனம் அதனை ஒலிபரப்ப மறுத்தது. ‘நியூயோர்க் டைம்ஸ்’ பத்திரிகையில் ரிச்சட் கோல்ட்ஸ்டீன் என்னும் விமர்சகர், வேலைப்பாட்டின் மிகுதியிற் பாட்டின் உயிர் மங்கிவிட்டதெனக் குறைகண்டார். அக்கருத்தை முற்றாகத் தள்ளிவிடுதல் முறையன்று. அலங்காரம் அளவு கடந்தால் விக்கிரகம் மறைந்துவிடும் என்பது எக்கலைக்கும் பொருந்தும். ஆயினும் ஒரு பாடலை மேடையில் நடந்ததன் நகலாக மாத்திரமே பதிய வேண்டும் என்ற எண்ணம் அத்துடன் மாறிற்று. ஒலிப்பதிவுக் கூடமே ஒரு வாத்தியமாகலாம் என்பதைப் பின்வந்த குழுக்கள் கற்றுக்கொண்டன. அதே நாட்களில் மூன்றாம் கூடத்திலே ‘பிங்க் புளொயிட்’ என்னும் புதிய குழுவினர் தம் முதல் இசைத்தட்டைப் பதிந்துகொண்டிருந்தமை குறிப்பிடத்தக்கது.

இன்றைய அபி வீதி

1969 ஓகஸ்ட் 8 ஆம் திகதி, பொலிசார் ஒருவர் போக்குவரத்தைத் தடுத்து நிறுத்த, இயன் மக்மிலன் என்னும் படப்பிடிப்பாளர் வீதி நடுவே ஏணியிலேறி நின்று, நால்வரும் கடவையைக் கடப்பதைப் படமெடுத்தார். ‘அபி றோட்’ என்ற இசைத்தட்டின் உறையில் வெளிவந்த அப்படத்தினாலேயே கடவை உலகப் புகழ் எய்தியது. அம்மாதம் 20 ஆம் திகதியே நால்வரும் ஒருங்கே ஒலிப்பதிவுக்கூடத்தில் இருந்த கடைசி நாளாயிற்று.

2010 பெப்ரவரியில், கடன்பட்டிருந்த ஈ.எம்.ஐ. நிறுவனம் இவ்வீட்டை விற்கக்கூடும் என்ற செய்தி பரவியபோது பலரும் கலங்கினர். அம்மாதமே பிரித்தானிய அரசு அதனைப் பாதுகாக்கவேண்டிய கட்டடமெனப் பிரகடனஞ் செய்தது. டிசெம்பரில் அக்கடவைக்கும் அப்பெருமை கிடைத்தது. இசைக்கூடம் இன்றும் தொழில் நடத்துகின்றது. ஆதலால் வருவோர் எவரையும் உள்ளே அனுமதிப்பது வழக்கமன்று. முன்மதிலில் யாத்திரிகர் தம் பெயரையும் அன்புமொழிகளையும் எழுதிச் செல்வர். சிறிது காலத்தில் மதிலுக்கு வெள்ளை பூசப்படும். மீண்டும் எழுத்துக்கள் நிறையும்.

வாசலில் நின்று திரும்புவோர்க்கு உள்ளே சென்று பார்க்கவில்லையே என்ற ஏக்கம் இருத்தல் இயல்பே. அவர்க்கும், இலண்டன் செல்லும் வாய்ப்பே இல்லாதோர்க்கும் ஒரு வழி உண்டு. அந்த இறுதிப் பாடலின் முடிவை அமைதியான வேளையிற் கேட்டுப் பாருங்கள். 1967 பெப்ரவரி 22 ஆம் திகதி இரண்டாம் கூடத்தில் பல பியானோக்களை ஒரே கணத்தில் ஓங்கித் தட்டிய அவ்வொலி நாற்பது விநாடிக்கு மேல் நீடிக்கின்றது. அது தேயத் தேய, பதிவாளர் ஒலியளவை மெல்ல மெல்ல உயர்த்தினார். ஆதலால், பியானோவின் நாதம் ஒடுங்கும் தறுவாயில், காற்றோட்ட இயந்திரத்தின் மெல்லிய முரலலும் நாற்காலியொன்று கிரீச்சிடும் சத்தமும் செவியிற் படுகின்றன. தம் பாட்டே தமக்குக் கேளாத பெருங்கூச்சலை விட்டு வந்தவர்கள், ஓர் அறையின் மூச்சும் கேட்கும் அமைதியை நமக்குத் தந்து சென்றனர். அபி வீதியின் அந்த இரண்டாம் கூடத்தை நமது வீட்டிலிருந்தவாறே அங்கே கேட்கலாம்.